காமலாபுரத்துல ஒரு ரன்வே இருக்குங்க

தர்மபுரிக்காரங்க யார்கிட்டயாவது உங்க ஏர்போர்ட் எதுங்கன்னு கேட்டுப் பாருங்க, யோசிக்காம பெங்களூருன்னுதான் சொல்லுவாங்க. ஹைதராபாத் போகணுமா, ராத்திரி ஒரு மணிக்கு கார் புக் பண்ணி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, விடியறதுக்குள்ள சில்க் போர்டைத் தாண்டிடணும்டா இல்லேன்னா செத்தோம்னு டிரைவரை விரட்டிக்கிட்டே ஹெப்பாள் போய், அங்கேர்ந்து இன்னும் தேவனஹள்ளி வரைக்கும் போகணும். ஃப்ளைட்டுல உக்காந்து இருக்கறது ஒரு மணி நேரம் சொச்சம், அதுக்கு ரோட்டுல நாலு அஞ்சு மணி நேரம். கார் வாடகையைக் கேட்டா டிக்கெட்டே பரவால்லன்னு தோணும்.

ஆனா நம்ம ஊர்லேர்ந்து தெக்கால தொப்பூர் கணவாய் இறங்கி, தீவட்டிப்பட்டி தாண்டி, ஓமலூருக்கு முன்னாடியே காமலாபுரம்னு ஒரு ஊர் வரும், அங்க ஒரு ஏர்போர்ட் இருக்கு. தர்மபுரி டவுன்லேர்ந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்ள. சேலம் ஏர்போர்ட்டுன்னு பேரு வச்சதால அது சேலத்துக்காரங்களுக்குன்னு நம்மாளுங்க முடிவு பண்ணிட்டாங்க போல. கிருஷ்ணகிரிக்காரங்களுக்குக் கூட கிலோமீட்டர் கணக்கு பாத்தா தேவனஹள்ளியை விட இதுதான் கிட்ட, அதுவும் நடுவுல ஒரு பெங்களூரு டிராஃபிக் கிடையாது. தொப்பூர் இறக்கத்துல மட்டும் லாரிக்குப் பின்னாடி பொறுமையா வாங்க, அங்க அவசரப்பட்டு போய் சேந்தவங்க கதை எல்லாருக்கும் தெரியும்.

நான் விதை கம்பெனி சேல்ஸ்ல இருக்கேன். பாலக்கோடு, காரிமங்கலம், ராயக்கோட்டை இந்தப் பக்கமெல்லாம் தக்காளி விதை, கத்திரி விதைன்னு சுத்தறதுதான் பொழப்பு. விதை கம்பெனின்னாலே ஹைதராபாத்துதான், மீட்டிங்கு, ட்ரெயினிங்குன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அதனால இந்த ஏர்போர்ட்டு மேல எனக்கு கொஞ்சம் சொந்த அக்கறை உண்டு, அதை மறைக்க விரும்பல. ஆனா இந்தப் பதிவு எழுதறது அதுக்காக இல்ல, எங்க அக்கா பையனுக்காக. அதுக்கு வரேன்.

முதல்ல இந்த ஏர்போர்ட்டோட ஜாதகத்தைச் சொல்லிடறேன், ஏன்னா இது திறந்து மூடி திறந்து மூடியே பாதி வயசாயிடுச்சு. 1993ல திறந்தாங்க. என்.இ.பி.சி.ன்னு ஒரு கம்பெனி கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்துட்டு கூட்டம் இல்லன்னு போயிட்டாங்க. அப்புறம் வருஷக்கணக்கா ஒண்ணும் கிடையாது. 2009 கடைசியில கிங்ஃபிஷர் சென்னைக்கு ஒரு ஏடிஆர், அதான் ரெண்டு பக்கமும் ஃபேன் சுத்தற சின்ன விமானம், விட்டுச்சு, அந்தக் கம்பெனி என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும், அதோட இதுவும் படுத்துக்கிச்சு. அப்புறம் 2018 மார்ச்ல உடான் திட்டத்துல ட்ரூஜெட் சென்னைக்கு வந்துச்சு, அப்ப முதலமைச்சரா இருந்த எடப்பாடி பழனிசாமி வந்து தொடங்கி வச்சார், சொந்த மாவட்டம் இல்லையா. 2021ல அதுவும் நின்னுச்சு. மறுபடி 2023 அக்டோபர்லதான் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்து பெங்களூர், கொச்சின், ஹைதராபாத், சென்னைன்னு ஊருங்க கூடிச்சு. எந்த ஊருக்கு எந்த நாள்ல இருக்குங்கறது அப்பப்ப மாறிக்கிட்டே இருக்கும், நான் இங்க டைம்டேபிள் போட்டா அடுத்த மாசம் நீங்க என்னைத் திட்டுவீங்க, போறதுக்கு முன்னாடி ஆப்ல பாத்துக்கோங்க.

இந்த உடான்ங்கறது எப்படின்னா, ஃப்ளைட்டுல பாதி சீட்டை கம்மி விலைக்கு விக்கணும், அதுல கம்பெனிக்கு விழற துண்டை அரசாங்கம் மூணு வருஷத்துக்குக் கொடுக்கும், அதுல அஞ்சுல ஒரு பங்கு மாநில அரசோடது. மூணு வருஷத்துக்குள்ள ஜனங்க பழகிட்டா கம்பெனி சொந்தக் கால்ல நிக்கும், இல்லேன்னா கிளம்பிடும். ட்ரூஜெட் வந்த வருஷத்தையும் போன வருஷத்தையும் கழிச்சுப் பாருங்க, எவ்ளோ வருது? கொரோனாவும் நடுவுல வந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா மானியம் இருக்கற வரைக்கும்தான் விமானம்ங்கற பயம் இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ஏன் இருக்குன்னா இதனாலதான். எப்ப நிக்குமோன்னு பயந்து யாரும் பழக மாட்டேங்கறாங்க, யாரும் பழகலன்னு அவங்க நிறுத்திடறாங்க. எனக்கே ஒரு தடவை, ஹைதராபாத் மீட்டிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் ஃப்ளைட்டு கேன்சல்னு மெசேஜ் வந்துச்சு, எந்தக் கம்பெனின்னு சொல்லல, பணம் திரும்ப வந்துச்சு ஆனா மீட்டிங் திரும்ப வருமா, ஓசூர் பஸ்ஸைப் பிடிச்சு மறுபடி அதே பெங்களூர்தான்.

மத்தபடி போய் வர்றது ஜாலியா இருக்கும். பெரிய ஏர்போர்ட்ல கேட்டுக்கு நடந்தே கால் வலிக்கும், இங்க செக்-இன் பண்ற எடத்துலேர்ந்து பாத்தாலே விமானம் தெரியும். பஸ்ஸு, பாலம் எல்லாம் கிடையாது, வெயில்ல அப்படியே நடந்து போய் ஏறணும். ஏடிஆர்ல கதவு பின்னாடி வால் பக்கம் இருக்கும், முன்னாடி பக்கம் லக்கேஜுக்கு. எழுவது எண்பது பேருக்குள்ளதான். ரெண்டு பக்கமும் ஃபேன் சுத்தறதைப் பாத்துட்டு பழைய விமானமோன்னு பயப்படறவங்க இருக்காங்க, பழசு இல்லைங்க, அது டர்போபிராப், உள்ள இருக்கறது ஜெட் எஞ்ஜின் மாதிரிதான், அது அந்த ஃபேனைச் சுத்துது. இந்த மாதிரி சின்ன ரன்வேக்கு அதுதான் சரிப்படும். இங்க ரன்வே சுமார் 1800 மீட்டர்தான், பெரிய ஏர்பஸ் எல்லாம் ஃபுல் லோடுல வந்து போக அது பத்தாது.

ரன்வேயை நீட்டறதுக்காக சுத்தி நாலு ஊர்ல, காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி, சுமார் 570 ஏக்கர் எடுக்கறதா 2018ல ஆரம்பிச்ச பேச்சு, விவசாயிங்க போராட்டம் பண்ணாங்க. அந்த ஊர்கள்ல எனக்கு கஸ்டமருங்க இருக்காங்க. கிணத்துத் தண்ணியில வருஷம் பூரா வெள்ளாமை எடுக்கற நிலம் அது, அவங்க கிட்ட போய் ஏர்பஸ் வரும் குடுத்துடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஏடிஆரே ஒழுங்கா தினமும் ரொம்பட்டும், அப்புறம் ஏர்பஸ்ஸைப் பத்திப் பேசலாம்ங்கறது என் கட்சி.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த ஏர்போர்ட்ல ஒரு நாளைக்கு நாலைஞ்சு தடவை ஏடிஆர் வந்து போனா பெரிசு. மிச்ச நேரம் முழுக்க அந்த ரன்வே சும்மாதானே கிடக்கும், தீயணைப்பு வண்டி, டவர்ல ஆளு, செக்யூரிட்டி எல்லாருக்கும் சம்பளம் மட்டும் ஓடிக்கிட்டு இருக்கும். அந்த சும்மா கிடக்கற நேரத்தை வித்ததுதான் ஏர்போர்ட் ஆணையம் பண்ண நல்ல காரியம். 2020ல பைலட் பயிற்சிப் பள்ளிங்களுக்குன்னு ஒரு புது பாலிசி கொண்டாந்தாங்க, ராயல்டியை எடுத்துட்டு, வாடகையைக் குறைச்சு, கூட்டம் இல்லாத ஏர்போர்ட்டுங்கள்ல எடம் குடுத்தாங்க. முதல் சுத்துல பெல்காம், கலபுரகி, ஜல்காவ்ன்னு போச்சு. 2022ல ரெண்டாவது சுத்துல அஞ்சு ஏர்போர்ட், பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கட், அப்புறம் நம்ம சேலம். வானிலை நல்லா இருக்கணும், மத்த விமானங்க தொந்தரவு கம்மியா இருக்கணும்னு பாத்துதான் எடுத்தாங்களாம். கூட்டம் இல்லங்கறது இங்க குறை, அங்க அதுவே தகுதி ஆயிடுச்சு பாருங்க.

எங்க அக்கா பையன் பிளஸ் டூ முடிச்சுட்டு, எல்லாரும் இன்ஜினியரிங் கவுன்சிலிங் பேசிக்கிட்டு இருக்கும்போது, பைலட் ஆவறேன்னு உக்காந்துட்டான். வீட்ல பூகம்பம். அக்கா எனக்கு போன் பண்ணி, "தம்பி, நீதான அடிக்கடி ஃப்ளைட்ல போறவன், இவன் கிட்ட பேசி புத்தி சொல்லுடா"ன்னாங்க. ஃப்ளைட்ல போறவனுக்கும் ஃப்ளைட் ஓட்டறதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியல, ஆனா அக்கா சொன்னா சொன்னதுதான். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பைக்ல அவனை ஏத்திக்கிட்டு காமலாபுரம் போயிட்டேன்.

காம்பவுண்டுக்கு வெளியில நிக்க ஒரு எடம் கெடச்சா போதும், சினிமாவுக்குப் போக வேணாம். குட்டியா வெள்ளை விமானம், இறக்கை மேல இருக்கும், செஸ்னா 172. கிளம்பும், கொஞ்ச தூரம் நேரா ஏறும், இடது பக்கம் திரும்பும், மறுபடி திரும்பி ரன்வேக்கு பக்கவாட்டுல எதிர் திசையில போகும், அப்புறம் ரெண்டு தடவை திரும்பி இறங்க வரும், சக்கரம் தரையில பட்டதும் நிக்காது, மறுபடி ஃபுல் வேகம் குடுத்து மேல ஏறிடும். இதே சுத்து, இதே சுத்து, விடாம. நான் பாத்துட்டு ஏன் இவன் எங்கயும் போகவே மாட்டேங்கறான்னு கேட்டேன்.

"மாமா, அது சர்க்யூட்டு மாமா. இப்ப டவுன்விண்ட்ல இருக்கான், இனி பேஸ் திரும்புவான், அப்புறம் ஃபைனல். டச் அண்ட் கோ பண்றான்."

"உனக்கு எப்படி மாப்ள தெரியும்?"

"யூடியூப்ல எல்லாம் இருக்கு மாமா."

புத்தி சொல்ல கூட்டிட்டுப் போனவன் நான், பாடம் கேட்டுக்கிட்டு நின்னதும் நான்தான். ரன்வே நம்பர் 04, 22ன்னு எழுதியிருக்கறது ஏன்னு கூட அவன்தான் சொன்னான். திசைமானி டிகிரியில கடைசி சைபரை வெட்டிட்டு எழுதறதாம், 040 டிகிரி பக்கம் மூக்கை வச்சு இறங்கினா 04, எதிர்ப்பக்கத்துலேர்ந்து 220ல வந்தா 22. விமானம் எப்பவும் காத்தை எதிர்த்துதான் இறங்கணும், ஏறணும், ஆடி மாசத்துல மேக்கால இருந்து காத்து தள்ளும்போது 22 பக்கம், மார்கழியில வாடை அடிக்கும்போது 04 பக்கம்னு மாறும். காத்து எந்தப் பக்கம்னு காட்ட ஆரஞ்சு கலர்ல ஒரு துணிப்பை கம்பத்துல தொங்கும், நம்ம பசங்க அதைப் பாத்துட்டு ஏதோ விளம்பரம்னு நெனச்சுக்கறாங்க.

ஒரு நேரத்துல அந்த குட்டி விமானம் இறங்க வராம கொஞ்ச தூரத்துல வட்டமடிச்சுக்கிட்டே இருந்துச்சு. என்னாச்சுன்னு பாத்தா பின்னாடி ஏடிஆர் வருது. செஸ்னா இறங்க வர்ற வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் சுமார், நம்ம பைபாஸ்ல சில கார்க்காரங்க போற வேகம்தான். ஏடிஆர் 200ஐ ஒட்டி வரும். முன்னாடி செஸ்னாவை விட்டா பின்னாடி வர்றவன் அதை முட்டற மாதிரி ஆயிடும், ரன்வேயோ ஒண்ணே ஒண்ணு. அதனால டவர்லேர்ந்து மாணவனை வட்டமடிச்சு காத்திருக்கச் சொல்லி, ஏடிஆரை இறக்கிட்டு, அது ரன்வேயை விட்டு ஒதுங்கினதும்தான் இவனைக் கூப்பிடறாங்க. ரோட்டுல எல் போர்டு வண்டியைப் பாத்தா நாம ஹாரன் அடிச்சே சாகடிப்போம், மேல அதுக்கெல்லாம் வழி இல்ல, ரெண்டு பேரும் ரேடியோவுல ஒரே ஆளு பேச்சைக் கேட்டுத்தான் ஆகணும். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஏடிஆர் ஓட்டற கேப்டனும் ஒரு காலத்துல இப்படி எங்கயோ வட்டமடிச்சவர்தானே.

டீக்கடையில ஒரு பையன் வந்தான், வெள்ளைச் சட்டை, தோள்ல பட்டை. பேசிப் பாத்தா திருநெல்வேலி பக்கம், பயிற்சியில இருக்கான். என் மாப்ளைக்கு கண்ணெல்லாம் விரிஞ்சிடுச்சு. அந்தப் பையன் பொறுமையா பேசினான், அவனுக்கும் ஊர்த் தமிழ்ல பேச ஆள் கெடச்ச சந்தோஷம் போல.

வெடியகாலையில எழுந்ததும் முதல்ல வானிலை ரிப்போர்ட். அப்புறம் விமானத்தைச் சுத்தி ஒரு நடை நடந்து ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்கணும், டயரு, பிரேக் லைன், இறக்கையில இருக்கற கீல், ஆணி. இறக்கை மேல ஏணி வச்சு ஏறி டேங்க்குக்குள்ள குச்சி விட்டு பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும், மீட்டரை மட்டும் நம்பக் கூடாதாம். அப்புறம் இறக்கைக்கு அடியில ஒரு வால்வு இருக்கும், அதுல ஒரு கண்ணாடி மாதிரி கப்பை வச்சு அமுக்கினா கொஞ்சம் பெட்ரோல் அதுல இறங்கும். அந்த விமான பெட்ரோல் லேசான நீல கலர்ல இருக்கும். அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாக்கணும். ராத்திரி பனியில டேங்க்குல தண்ணி சேந்திருந்தா அது கனம், அடியில முத்து மாதிரி தனியா உருண்டு நிக்கும். தண்ணி தெரிஞ்சா அது போற வரைக்கும் மறுபடி மறுபடி எடுக்கணும். "தரையில எஞ்ஜின் நின்னா தள்ளிக்கிட்டுப் போலாம் சார், மேல நின்னா?"ன்னு சிரிச்சான். ஏடிஆருக்கு ஊத்தறது வேற, அது மண்ணெண்ணெய் ஜாதி, ரெண்டையும் மாத்தி ஊத்திடக் கூடாதுங்கறதுக்காகவும் அந்த கலர்.

காலையில ஏன் இவ்ளோ சீக்கிரம்னு கேட்டேன். வெயில் ஏற ஏற தரை சுட்டு காத்து மேல கிளம்பும், குட்டி விமானத்தை அது தூக்கித் தூக்கிப் போடும், புதுசா கத்துக்கறவன் வாந்தி எடுத்துடுவானாம். அதோட காத்து சூடானா லேசாயிடும், இறக்கைக்குப் பிடிப்பு குறையும், ஏற இன்னும் கொஞ்சம் ரன்வே வேணும். நம்ம ஊர் சித்திரை வெயிலைத் தெரியாதா என்ன.

லைசென்ஸுக்கு என்ன வேணும்ங்கறதை அவன் சொன்னதையும் நான் அப்புறம் டிஜிசிஏ, அதான் விமானத் துறையைக் கட்டுப்படுத்தற மத்திய அரசு அமைப்பு, அதோட விதியைத் தேடிப் பாத்ததையும் சேத்துச் சொல்றேன், இந்தப் பக்கம் யாராவது பையனோ பொண்ணோ ஆசைப்பட்டா உதவும். பிளஸ் டூல பிசிக்ஸ், மேத்ஸ் வேணும். மொத்தம் 200 மணி நேரம் பறக்கணும், அதுல 100 மணி நேரம் நீயே விமானத்துக்குப் பொறுப்பாளியா இருந்து ஓட்டியிருக்கணும். ஊர் விட்டு ஊர் போறது 20 மணி நேரம், அதுல ஒரு பயணம் 300 நாட்டிக்கல் மைல், கிட்டத்தட்ட 555 கிலோமீட்டர், நடுவுல ரெண்டு வேற ஏர்போர்ட்ல இறங்கி நிறுத்தணும். ராத்திரி பறக்கறது 5 மணி நேரம். வெளிய பாக்காம மீட்டரை மட்டும் பாத்து ஓட்டறது 10 மணி நேரம். நடுவுல நேவிகேஷன், வானிலை, விதிமுறை, டெக்னிக்கல்னு பரீட்சைங்க, ரேடியோவுல பேசறதுக்கே தனியா ஒரு லைசென்ஸ். கமர்ஷியல் லைசென்ஸ் கையில வாங்க 18 வயசு ஆகியிருக்கணும்.

இதெல்லாம் கேட்டு என் மாப்ள தலையை ஆட்டிக்கிட்டே இருந்தான். நான் காசு எவ்வளவுன்னு கேட்டேன், ஏன்னா வீட்ல போய் பதில் சொல்ல வேண்டியவன் நான். அந்தப் பையன் ஹாஸ்டல், பரீட்சை எல்லாம் சேத்து ஐம்பது லட்சத்தை ஒட்டிப் போகும்னான். அதோட முடியாது. பெரிய கம்பெனியில ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்டணும்னா அந்த மாடலுக்குன்னு தனி ட்ரெயினிங், அதுக்கும் லட்சக்கணக்குல. லைசென்ஸ் வாங்கிட்டு வேலைக்கு காத்திருக்கற சீனியருங்களும் இருக்காங்கன்னு அவனே மறைக்காம சொன்னான். 2023ல ஏர் இந்தியா 470, இண்டிகோ 500ன்னு விமானத்துக்கு ஆர்டர் குடுத்தது நெசம்தான், அதையெல்லாம் ஓட்ட ஆள் வேணும்ங்கறதும் நெசம்தான், ஆனா அந்த விமானம் எல்லாம் ஒரே நாள்ல வந்து எறங்கப் போறதில்ல, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். விளம்பரத்துல முதல் பாதிதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, ஒண்ணும் பேசல. அவருக்கு காரிமங்கலம் பக்கம் மாந்தோப்பு இருக்கு. ஏழரை லட்சத்துக்கு மேல படிப்புக் கடன்னா பேங்க்குல சொத்து கேப்பாங்க, சொத்துன்னா அந்தத் தோப்புதான். மாங்கா விலை கூழ் கம்பெனிக்காரங்க வைக்கறதுதான் விலை, சில வருஷம் பறிக்கற கூலி கூட தேறாது, அதை நம்பி வட்டி கட்ட முடியுமான்னு அவர் மனசுல ஓடறது எனக்குத் தெரியுது. அக்காவுக்கு பயம் வேற மாதிரி. "அன்னிக்கு நியூஸ்ல ரோட்டுல இறங்குச்சே ஒரு விமானம், அதுவும் சேலத்துலேர்ந்து போனதுதானடா?"ன்னாங்க.

ஆமாம், அது 2025 நவம்பர்ல. பயிற்சி விமானம் ஒண்ணு புதுக்கோட்டை மாவட்டத்துல நேஷனல் ஹைவேயிலயே அவசரமா இறங்கிச்சு, முன்பக்கம் அடிபட்டுச்சு, உள்ள இருந்த ரெண்டு பேருக்கும் உயிருக்கு ஒண்ணும் ஆகல. டீவியில அதையே நாள் பூரா காட்டினதால எல்லார் மனசுலயும் அது பதிஞ்சுடுச்சு. நான் அக்கா கிட்ட அந்த திருநெல்வேலி பையன் சொன்னதைச் சொன்னேன். பயிற்சியில அடிக்கடி பண்றதே இதுதானாம். மேல போய்க்கிட்டு இருக்கும்போது இன்ஸ்ட்ரக்டர் திடீர்னு எஞ்ஜின் வேகத்தை முழுசா குறைச்சுட்டு, எஞ்ஜின் போயிடுச்சு, எங்க இறங்குவேன்னு கேப்பாராம். செஸ்னா எஞ்ஜின் நின்னா கல்லு மாதிரி விழாது, மூவாயிரம் அடி உயரத்துல இருந்தா சுமாரா எட்டு கிலோமீட்டர் வரைக்கும் மிதந்து போகும். அதுக்குள்ள காத்து எந்தப் பக்கம், எந்த நிலம் காலியா இருக்கு, கரண்டு கம்பி எங்க போகுதுன்னு பாத்து முடிவு எடுக்கணும். அந்தப் பையன் எந்த ஊருக்குப் போனாலும் இப்பல்லாம் பஸ்ல உக்காந்துக்கிட்டே ஜன்னல் வழியா இந்த வயல்ல இறங்கலாம், இதுல வரப்பு குறுக்க இருக்கு ஆகாதுன்னு பாத்துக்கிட்டே வருவானாம். ரோட்டுல பத்திரமா இறக்கினாங்கன்னா அது அந்தப் பாடம் வேலை செஞ்சதுன்னுதான் அர்த்தம்க்கான்னேன். அக்கா, "பைக் ஓட்டவே இன்னும் இவனுக்கு நான் சாவி குடுக்கல"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போது ஓசூர் ஏர்போர்ட் பத்தியும் கேப்பீங்க, தெரியும். 2024 ஜூன்ல சட்டசபையில முதலமைச்சர் ஸ்டாலின் 2000 ஏக்கர்ல, வருஷத்துக்கு மூணு கோடி பேர் வந்து போற மாதிரின்னு அறிவிச்சாரு, அன்னிக்கு கிருஷ்ணகிரியில ரியல் எஸ்டேட்காரங்க சந்தோஷத்தைப் பாக்கணுமே. ஆனா பெங்களூர் ஏர்போர்ட்டோட ஒப்பந்தத்துல 2008லேர்ந்து 25 வருஷத்துக்கு, அதாவது 2033 வரைக்கும், 150 கிலோமீட்டருக்குள்ள போட்டிக்கு இன்னொரு பெரிய ஏர்போர்ட் வரக்கூடாதுன்னு இருக்கு, மைசூருக்கும் ஹாசனுக்கும்தான் விலக்கு. அது தீரட்டும், நிலம் எடுக்கட்டும், கட்டட்டும், நம்ம பசங்களுக்கு கல்யாணம் ஆகி குழந்தை பொறந்துடும். விமானமே பாக்காத ஊர் இல்ல ஓசூரு, பேளகொண்டப்பள்ளியில தனேஜாங்கற விமான கம்பெனிக்கு சொந்தமா ஏற்கெனவே ரன்வே இருக்கு, பெங்களூர்ல இருக்கற என்.ஏ.எல்.ங்கற அரசாங்க விமான ஆராய்ச்சிக் கூடம் வடிவமைச்ச ஹன்சாங்கற ரெண்டு சீட்டு பயிற்சி விமானத்தை அங்க செஞ்சிருக்காங்க. பயிற்சி விமானமே செஞ்ச மாவட்டத்துல பைலட் ஆகணும்ங்கற பையனை வீட்ல பைத்தியக்காரன் மாதிரி பாக்கறோம்.

என்னைக் கேட்டா, ஓசூருக்கு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறதை விட இருக்கற காமலாபுரத்தை ஒழுங்கா பயன்படுத்தறது மேல். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஃப்ளைட் நேரத்துக்கு ஒரு பஸ் விட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. இப்ப சேலம் பஸ்ல ஏறி காமலாபுரத்துல நிறுத்துங்கன்னா எக்ஸ்பிரஸ்காரன் நிறுத்த மாட்டான், ஓமலூர்ல இறங்கி ஆட்டோக்காரன் சொல்ற ரேட்டைக் குடுத்து திரும்பி வரணும். தர்மபுரி-மொரப்பூர் ரயில் பாதைக்கு எத்தனை வருஷமா காத்திருக்கோம், அந்த லிஸ்ட்ல இதையும் சேத்துக்க வேண்டியதுதான். ஏர்லைன்காரங்க வருவாங்க போவாங்க, அதைப் பாத்தாச்சு. பயிற்சிப் பள்ளி அப்படி சட்டுனு மூட்டை கட்ட முடியாது, விமானம் நிறுத்த ஹேங்கர்னு பெரிய கொட்டகை கட்டி, விமானம் வாங்கி, நடுவுல பசங்க படிப்பு ஓடிக்கிட்டு இருக்கும். காலையிலேர்ந்து அந்த குட்டி விமானங்க ரன்வேயைத் தேச்சுக்கிட்டே இருக்கற வரைக்கும் டவர்ல ஆளு இருப்பாங்க, புல்லு வெட்டுவாங்க, லைட்டு எரியும். இன்னொரு ஏர்லைன் வர்றேன்னா தூசி தட்ட வேண்டியதில்ல. அதனால இந்த ஏர்போர்ட் மறுபடி மூடாதுன்னு எனக்கு இருக்கற கொஞ்ச நஞ்ச நம்பிக்கை அந்த செஸ்னா மேலதான், ஏடிஆர் மேல இல்ல.

மாப்ள விஷயம் எங்க நிக்குதுன்னா, அந்த திருநெல்வேலி பையன் ஒரு யோசனை சொல்லியிருந்தான். யாருக்கும் ஒரு ரூபா ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி மெடிக்கல் பாத்துடுங்க. முதல்ல கிளாஸ் 2ங்கற ஆரம்ப மெடிக்கல், டிஜிசிஏ லிஸ்ட்ல இருக்கற டாக்டருங்க கிட்ட. அப்புறம் கிளாஸ் 1, அதுக்கு பெங்களூர்ல ஏர்ஃபோர்ஸோட ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட் இருக்கு. கண்ணாடி போட்டிருந்தா பரவால்ல, திருத்தினா சரியா தெரிஞ்சா போதும், ஆனா கலர் சரியா தெரியலன்னா பெரிய சிக்கல். லட்சக்கணக்குல கட்டிட்டு அப்புறம் மெடிக்கல்ல நின்னவங்க கதை அவன்கிட்ட இருந்துச்சு. இதைச் சொன்னதும் மாமாவுக்கு முகம் கொஞ்சம் தெளிஞ்சுது, இதுக்கு தோப்பை அடமானம் வைக்க வேண்டியதில்ல இல்லையா. அக்காவும் சரின்னுட்டாங்க, மெடிக்கல்ல ஏதாவது சொல்லி அனுப்பிடுவாங்கன்னு ஒரு நப்பாசை அவங்களுக்கு, எனக்குத் தெரியும். அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன். மாப்ள அதுக்குள்ள கேரட்டா தின்னுக்கிட்டு இருக்கான், யாரோ கண்ணுக்கு நல்லதுன்னு சொன்னாங்களாம்.